கடைசி வாரத்தில் முறிந்த ஸ்டட்: பழைய கார் ஒன்றின் அலங்கார உதிரிகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பானெட்டின் மூக்கில் உட்காரும் சின்னத்தின் பின்புறம் மூன்று ஸ்டட்டுகள், அதாவது நட் ஏறுவதற்கு மரை (திருகு வரி) போட்ட சிறு தண்டுகள், உண்டு. முதல் ஸ்டட்டில் நட்டை விரலால் இரண்டு சுற்று ஏற்றினேன். மூன்றாவது சுற்றுக்கு விரல் போதவில்லை. சிறிய ஸ்பேனரை எடுத்தேன். கால் சுற்றுக்கும் குறைவாகத்தான் திருப்பியிருப்பேன். காய்ந்த குச்சி ஒடிவதுபோல் ஒரு சத்தம். ஸ்பேனரோடு நட்டும், நட்டுக்குள் மாட்டிய ஸ்டட்டின் பாதியும் கைக்கு வந்துவிட்டன.

பதினான்கு மாத வேலையின் கடைசி வாரம் அது. என்ஜின் ஓடுகிறது, பிரேக் பிடிக்கிறது, பெயிண்ட் கண்ணாடிபோல் மின்னுகிறது. மிச்சமிருந்தவை உள்ளங்கையில் அடங்கும் சாமான்கள்: சின்னம், எழுத்துப் பலகைகள், கதவுகளின் பக்கவாட்டில் ஓடும் மோல்டிங் பட்டைகள், கைப்பிடிகள், அவற்றின் அடியில் போகும் ரப்பர்கள். "இனி இரண்டு நாள் வேலைதான்" என்று வண்டியின் சொந்தக்காரரிடம் சொல்லியிருந்தேன். அந்த இரண்டு நாளில் மூன்று இடத்தில் அடி வாங்கினேன். ஸ்டட் முறிந்தது முதலாவது. வலப்பக்கம் முன்கதவின் மோல்டிங்கும் பின்கதவின் மோல்டிங்கும் 4 மி.மீ. ஏறுமாறாக நின்றது இரண்டாவது. டிக்கிக் கைப்பிடியைச் சுற்றி வெளிர்நிறப் பெயிண்டில் பழுப்பு வளையம் ஒன்று தோன்றியது மூன்றாவது.

மூன்றையும் தனித்தனி விபத்தாகத்தான் முதலில் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தபோது, மூன்றுக்கும் வேர் ஒன்றே என்று தெரிந்தது. பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் இந்தச் சாமான்களில் ஒன்றைக்கூட நான் வண்டியில் பூட்டிப் பார்க்கவில்லை.

வண்டியும் தகர டப்பாவும்

1950களின் பிற்பகுதியில் பிரிட்டனில் தயாரான சிறிய நான்கு கதவுக் கார் இது. தயாரித்தவர் யார் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. ஆனால் அந்தக் காலம் தேவை. அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒரே மரை அளவுக்கு ஒப்புக்கொண்டது 1948 நவம்பரில். அதன்பின் பிரிட்டிஷ் கார்கள் மெல்ல மெல்லப் பழைய அளவுகளை விட்டு, அந்த ஒப்பந்தத்தின் வரிசையில் ஒன்றான யூ.என்.எஃப். மரைக்கு மாறின. ஒரே நாளில் மாறவில்லை. அதனால் அந்தக் காலத்து வண்டி ஒன்றைக் கழற்றினால், உடலில் புது மரையும், மின்சாரச் சாமான்களில் பி.ஏ. எனப்படும் பழைய பிரிட்டிஷ் மரையும் அடுத்தடுத்து இருக்கும். வெளியே பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி.

கழற்றும்போது படம் எடுத்தேன், பெரிய சாமான்களுக்குச் சீட்டுக் கட்டினேன். சின்ன நட்டுகள், வாஷர்கள், கிளிப்புகள் விஷயத்தில் மட்டும் சோம்பேறித்தனம் செய்தேன். எல்லாவற்றையும் ஒரே தகர டப்பாவில் கொட்டினேன். "சின்ன நட்தானே, அளவு பார்த்துப் பூட்டிக்கொள்ளலாம்" என்று அன்று தோன்றியது. அந்த டப்பாவை இப்போது பார்த்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

ஸ்டட் ஏன் முறிந்தது

இத்தகைய சின்னங்கள் பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்புகள். அச்சில் உருக்கி ஊற்றும்போதே ஸ்டட்டும் சேர்ந்து வார்க்கப்பட்டுவிடும். இரும்பு போல் வளைந்து எச்சரிக்கை கொடுக்கிற குணம் இந்த உலோகத்துக்குக் குறைவு, அறுபது வயதான பிறகு இன்னும் குறைவு. முகப்பில் குரோம் கொப்பளித்துக் குழி குழியாக இருந்ததால் பழைய முலாமை அமிலத்தில் உரித்து, குழிகளைச் செம்பால் நிரப்பித் தேய்த்து, நிக்கல் ஏற்றி, அதன்மேல் குரோம் ஏற்றித் தரும்படி முலாம் பட்டறையில் கொடுத்திருந்தேன். முகப்பு மிக அழகாக வந்தது. பின்பக்கத்தை நான் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

முறிந்த பிறகு பார்த்தேன். ஸ்டட்டுகளும் முகப்பைப் போலவே பளபளத்தன. மின்முலாம் ஏறும்போது துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில்தான் மின்னோட்டம் அதிகம் குவியும், அங்கேதான் உலோகம் தடிமனாகப் படியும். ஸ்டட் என்பது துருத்திக்கொண்டிருப்பதற்கென்றே பிறந்தது. அதை மெழுகோ அரக்குப் பூச்சோ பூசி மறைக்கும்படி சொல்ல வேண்டியது சாமானைக் கொடுப்பவன் பொறுப்பு. நான் சொல்லவில்லை. பட்டறையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வெர்னியர் அளவுகோலில் அளந்தேன். முலாம் படாத வேர்ப்பகுதியில் 4.8 மி.மீ., அதாவது யூ.என்.எஃப். வரிசையில் 10-32 எனப்படும் அளவு (பத்தாம் எண் பருமன், அங்குலத்துக்கு 32 மரை). முலாம் ஏறிய நுனியில் 4.9. பத்தில் ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். மரையில் கணக்கு வேறு. 60 பாகைச் சரிவுள்ள மரையின் மேல் ஒரு படலம் படிந்தால், அது சரிவின் இரு பக்கமும் படிகிறது. நட்டோடு உரசும் நடுவிட்டம் படலத் தடிமனைப் போல் நான்கு மடங்கு பெருக்கிறது. 40 மைக்ரான் (0.04 மி.மீ.) முலாம் என்றால் நடுவிட்டத்தில் 0.16 மி.மீ. கூடிவிடுகிறது. அவ்வளவு இடைவெளியை எந்த நல்ல நட்டும் விட்டுவைப்பதில்லை.

இத்தோடு முடிந்திருந்தால்கூட விரல் நுனி எச்சரித்திருக்கும், நட் ஏறவே மறுத்திருக்கும். இரண்டு சுற்று ஏறியது எப்படி? நட்டை எடுத்து மரை அளவியில் வைத்துப் பார்த்தேன். அது 10-32 இல்லை. 2 பி.ஏ. விளக்குக் கம்பிகளின் இணைப்பிலிருந்து டப்பாவுக்கு வந்த பித்தளை நட். 2 பி.ஏ.வின் வெளிவிட்டம் 4.7 மி.மீ., மரை இடைவெளி 0.81 மி.மீ. 10-32இன் வெளிவிட்டம் 4.83, இடைவெளி 0.79. சரிவு ஒன்றில் 47.5 பாகை, மற்றதில் 60. கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள். ஸ்டட்டின் நுனி சற்றே தேய்ந்து கூம்பியிருந்ததால் முதல் இரண்டு மரையில் பித்தளை வளைந்துகொடுத்தது. அதன்பின் ஆப்பு அடித்ததுபோல் இறுகிக்கொண்டது. நான் ஸ்பேனரால் திருப்பியபோது நட் சுற்றவில்லை, ஸ்டட்தான் முறுக்கப்பட்டது.

தப்பான நட், தடித்த ஸ்டட் என்று காரணம் இரண்டு. இரண்டில் தப்பான நட்டையாவது, முலாமுக்கு முன்னால் ஒரு முறை பூட்டிப் பார்த்தவன் கண்டுபிடித்திருப்பான். சரியான மூன்று நட்டுகளை அப்போதே தேர்ந்து, அந்தச் சின்னத்தோடேயே ஒரு பையில் போட்டிருப்பான்.

பழுது பார்த்த விதம்

துத்தநாகக் கலவை 380 பாகை செல்சியசை ஒட்டி உருகிவிடும். பற்றவைக்கும் தீச்சுடர் அதைவிட எவ்வளவோ மேலே. குறைந்த வெப்பப் பற்றுகள் இருக்கின்றன, ஆனால் முன்பக்கம் புதிதாக ஏற்றிய குரோமின் கதி என்னாகும் என்று சொல்ல முடியாது. ஆகவே வெப்பமே இல்லாத வழியைத் தேடினேன்.

முறிந்த அடிக்கட்டையை அரத்தால் மட்டமாக்கினேன். சின்னத்தைக் கவிழ்த்து, அதன் வடிவத்துக்கே குழித்த மெழுகுப் படுக்கையில் வைத்தேன், முகப்பில் எந்த ஒரு புள்ளியிலும் பாரம் விழக்கூடாது என்பதற்காக. துளைக்கு அடையாளமிடச் சுத்தியலால் ஊசி முனையை அடிப்பது வழக்கம். அதைச் செய்யவில்லை, பழைய வார்ப்பு அந்த அடியில் விரிசல் விடலாம். குட்டையான மையத் துளைப்பானைக் கையாலேயே உருட்டி ஆரம்பப் பள்ளம் போட்டேன். அந்த இடத்தில் வார்ப்பின் தடிமன் 5 மி.மீ. சொச்சம். 3 மி.மீ. துளைப்பானில் டேப்பைச் சுற்றி ஆழத்துக்கு எல்லை குறித்து, 3.5 மி.மீ.யில் நிறுத்தினேன். இன்னும் ஒன்றரை மில்லிமீட்டர் போனால் முகப்பில் ஒரு பரு எழும்பியிருக்கும்.

துளையில் 4 பி.ஏ. மரை வெட்டினேன். 3.6 மி.மீ. விட்டம், இடைவெளி 0.66. மூன்றரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஐந்து மரை கிடைக்கும். சாதாரண மரைவெட்டியின் நுனி கூம்பாக இருப்பதால் அடிவரை வெட்டாது. பழைய வெட்டி ஒன்றின் நுனியைச் சாணையில் தட்டையாக்கிக்கொண்டேன். பித்தளை ஸ்டட் ஒன்றை எப்பாக்சிப் பசையோடு திருகி, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட்டேன். பானெட்டின் துளை இந்த மெலிந்த ஸ்டட்டுக்குப் பெரிதாகிவிட்டதால் நடுவில் ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டைச் சொருகினேன்.

மிச்சமிருந்த இரண்டு ஸ்டட்டுகளைத்தான் அதிக நேரம் யோசித்தேன். மரை திருத்தும் டையை ஓட்டி முலாமை வெட்டியெடுக்கலாம். ஆனால் டை கொடுக்கும் முறுக்கும் முறுக்குத்தான், முதல் ஸ்டட்டைக் கொன்றதும் அதுதான். அப்போது ஒரு வேடிக்கை கண்ணில் பட்டது. முலாம் ஏறித் தடித்த 10-32 ஸ்டட்டின் நடுவிட்டம் கிட்டத்தட்ட மெட்ரிக் எம்-5 (5 மி.மீ. வெளிவிட்டம்) மரைக்கு வந்து நிற்கிறது. சரிவு இரண்டிலும் 60 பாகை. இடைவெளி 0.794க்கு எதிரே 0.8. ஐந்தாறு மரைக்கு இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. எம்-5 நைலான் நட் விரலாலேயே அடிவரை ஓடியது. யாராவது பிற்காலத்தில் அதிகமாக முறுக்கினால் நைலான் மரை வழுக்கிக்கொண்டு போகும், ஸ்டட் பிழைக்கும். மின்சாரத்துக்கு ஃபியூஸ் போல இது முறுக்குக்கு ஃபியூஸ்.

அசல்தன்மை பேசுபவர்கள் இதற்கு முகம் சுளிப்பார்கள். பிரிட்டிஷ் வண்டியில் மெட்ரிக் நட்டா, அதுவும் நைலானா? பானெட்டைத் திறந்து, விளக்கடித்து, குனிந்து பார்க்கிறவருக்குத்தான் அது தெரியும். அவ்வளவு குனிகிறவரிடம் விளக்கம் சொல்ல நான் தயார். அசல் வார்ப்பைக் காப்பாற்ற அசல் இல்லாத நட்டைப் போடுவது எனக்குச் சரியாகவே படுகிறது.

புதிதாக நகல் சின்னம் வாங்கிப் போடலாமே என்றும் கேட்கலாம். ஒன்று வரவழைத்துப் பார்த்தேன். ஸ்டட்டுகளுக்கு இடையிலான தூரம் அசலைவிட 2 மி.மீ. கூடுதல். பானெட்டில் துளையை அகலப்படுத்தினால் பெயிண்ட் போகும், ஸ்டட்டை வளைத்தால் மறுபடியும் அதே குச்சிச் சத்தம். திருப்பி அனுப்பினேன்.

நான்கு மில்லிமீட்டர்

மோல்டிங் விவகாரம் வேறு மாதிரி. அங்கே எதுவும் உடையவில்லை. பூட்டி முடித்து நான்கு அடி பின்னால் வந்து பார்த்தேன். முன்கதவின் பட்டை ஓரிடத்தில் முடிகிறது, பின்கதவின் பட்டை அதைவிட 4 மி.மீ. தாழ்ந்து தொடங்குகிறது. இவ்வளவு பெரிய காரில் நான்கு மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம்? பளபளப்பான கோடு என்பது கண்ணுக்கு அளவுகோல். சாதாரண உடல் இடைவெளியில் தெரியாத பிசகு, வெளிச்சம் வழுக்கி ஓடும் கோட்டில் பளிச்சென்று தெரியும்.

காரணத்தைத் தேடப் பட்டைகளைக் கழற்றினேன். பின்கதவின் உள்தகட்டில் அசல் பெயிண்டின் நிறம் வேறு. எப்போதோ விபத்தில் சிக்கி, இதே மாதிரி வேறொரு வண்டியிலிருந்து கொண்டுவந்து மாட்டிய கதவு அது. அதன் கிளிப் துளைகள் ஆலையில் அச்சடித்தவை அல்ல, யாரோ கையால் போட்டவை. ஆலைத் துளையின் ஓரம் சீராக இருக்கும், இவை லேசாக முட்டை வடிவில் இருந்தன. டிங்கரிங் வேலையின்போது இந்தக் கதவை எத்தனையோ தடவை கையில் தூக்கியிருக்கிறேன். துளைகளைத் துளைகளாக மட்டுமே பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது காரணம் என் கைங்கரியம். கதவுகளின் இடைவெளியைச் சரிசெய்தபோது ஓர ரப்பர் பீடிங் எதுவும் போடவில்லை. ரப்பர் இல்லாத கதவு சுகமாக மூடிக்கொள்ளும். புது ரப்பர் போட்டதும் அது கதவை வெளியே தள்ளுகிறது, தாழ்ப்பாள் இழுத்துப் பிடிக்கிறது, கீல்களில் இருக்கும் சிறு ஆட்டத்துக்கு ஏற்பக் கதவு ஓர் ஓரமாகத் தொய்கிறது. அளந்து பார்த்ததில் நான்கில் ஒன்றரை மில்லிமீட்டர் இந்த ரப்பரின் வேலை. மீதி இரண்டரை அந்த முன்பின் தெரியாத கைக்காரரின் துளைகள்.

ரப்பரால் வந்த பங்கைக் கீலில் திருத்த முடிந்தது. மிச்சம் இரண்டரைக்கு என்ன செய்வது? பெயிண்டுக்கு முன்னால் என்றால் பழைய துளைகளை அடைத்து வெல்டு செய்து, புதுத் துளை போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். இப்போது வெல்டிங் என்ற சொல்லே வாயில் வரக்கூடாது.

மறைப்பு டேப் ஒன்றை முன் மட்கார்டிலிருந்து பின்பக்கம் வரை இழுத்து ஒட்டினேன். தரை மட்டத்தைப் பார்த்து ஒட்டவில்லை. உடலிலேயே ஒரு மடிப்புக் கோடு ஓடுகிறது, அதற்கு இணையாக ஒட்டினேன். மட்டப்பலகை வைத்து மோல்டிங் பூட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கார் நிற்கும் தரை கோணல், டயரின் காற்று கோணல், ஸ்பிரிங் கோணல். உடல் கோட்டை விட்டால் வேறு எதையும் நம்ப முடியாது. பிறகு ஐந்தாறு அடி தள்ளி, முழங்காலிட்டு, நின்று, எதிர்த்திசையிலிருந்து என்று பல இடத்திலிருந்தும் பார்த்தேன். டேப் இருக்கும்போதே கோட்டை முடிவு செய்வது உத்தமம். டேப்பைப் பிய்த்து ஒட்டுவதற்குச் செலவு இல்லை.

கடைசியில் பிசகைப் பங்கு போட்டேன். முன்கதவின் பட்டையை அதன் பின்முனையில் ஒரு மில்லிமீட்டர் இறக்கினேன், பின்கதவின் பட்டையை ஒன்றரை ஏற்றினேன். துளைகளைத் தொடாமல் இதைச் செய்ய வழி கிளிப்பில்தான் இருந்தது. இந்த மோல்டிங்கின் கிளிப் என்பது பட்டைக்குள் சறுக்கி நிற்கும் ஒரு தகடு, அதன் நடுவில் ஒரு ஸ்டட். நடுவில் இருப்பதை ஓரத்துக்கு நகர்த்தினால் பட்டை அத்தனை தூரம் ஏறும் அல்லது இறங்கும். துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் ஐந்து கிளிப்புகளைக் கையால் வெட்டி, ஸ்டட்டை வேண்டிய அளவுக்கு ஓரம் தள்ளி வைத்தேன். அரை நாள் அரம் தேய்த்த வேலை. இந்தப் பதினான்கு மாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த அரை நாள் அதுதான் என்று சொன்னால் சொந்தக்காரர் கோபித்துக்கொள்வார்.

இன்னொரு ஆபத்து தற்செயலாகக் கண்ணில் பட்டது. முன்பக்கம் கீல் உள்ள கதவைத் திறக்கும்போது அதன் முன் ஓரம் உள்பக்கமாகச் சுழலும். அந்த ஓரத்துக்கு மிக அருகில் வரை மோல்டிங் போனால், துருத்திக்கொண்டிருக்கும் அதன் முனை முன்னால் இருக்கும் மட்கார்டின் ஓரத்தைக் கடிக்கும். பட்டைகளின் ஒரு முனை சரிவாக வெட்டப்பட்டிருப்பது அழகுக்கு என்று நினைத்திருந்தேன். இடம் வலம் மாற்றிப் பூட்டினால் சரிவான முனை தவறான பக்கம் போய்விடும். ஒரு காகிதத் துண்டை இடையில் நுழைத்துக் கதவை அங்குலம் அங்குலமாகத் திறந்து, காகிதம் எங்கும் சிக்கவில்லை என்று உறுதி செய்தேன். நான்கு கதவுக்கும்.

துளையின் ஓரம்

மோல்டிங்கைக் கழற்றிய இடத்தில் இன்னொன்றும் தெரிந்தது. ஆறு துளைகளின் ஓரத்தில் பெயிண்ட் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. டாஷ்போர்டின் அடியில் கைபடாமல் கிடந்த அசல் பெயிண்ட் 110 மைக்ரான் அளவே இருந்தது. கதவில் நாங்கள் ஏற்றிய பிரைமர், நிறம், மேல்பூச்சு எல்லாம் சேர்ந்து 280. அந்தப் பூச்சு துளைக்குள்ளும் இறங்கி அதைச் சுருக்கியிருந்தது. 0.9 மி.மீ. தகட்டுக்கும் ஆலைப் பெயிண்டுக்கும் அளவெடுத்துச் செய்த கிளிப்பை அதில் அழுத்தினால், அது பெயிண்டின் உதட்டைப் பெயர்த்துக்கொண்டுதான் உள்ளே போகும்.

வெளியே மோல்டிங் மூடிவிடும், ஒருவருக்கும் தெரியாது. ஆனால் பழைய கார்களின் கதவில் மோல்டிங்குக்குக் கீழே வரிசையாகத் துருக் கண்ணீர் வடிவது இந்த இடத்திலிருந்துதான். கீறல் பட்ட இரும்பின் ஒரு புள்ளி, அதன்மேல் நீளமான எவர்சில்வர் பட்டை, நடுவில் தேங்கிய மழைநீர். இரண்டு வேறு உலோகங்களும் ஈரமும் சேர்ந்தால் அது ஒரு சிறு மின்கலம். அதில் இரும்புதான் கரையும். பட்டை பெரிது, கீறல் சிறிது என்பதால் அந்தச் சிறு கீறல் இன்னும் வேகமாகக் கரையும்.

பெயர்ந்த துளைகளை ஊசிமுனை அரத்தால் சுத்தம் செய்து, மெல்லிய தூரிகையால் எப்பாக்சி பிரைமர் தொட்டு வைத்தேன். காய்ந்தபின் நிறம். அதற்கும் பின் கதவின் உள்ளிருந்து மெழுகு தெளிப்பு. ஒவ்வொரு கிளிப்பின் அடியிலும் இறுகிப்போகாத பியூட்டைல் பசையைப் பட்டாணி அளவுக்கு உருட்டி வைத்தேன். அது நீரைத் தடுக்கும், கிளிப்பைக் கழற்ற வேண்டியிருந்தால் வழிவிடும். சிலிகான் பசையை மட்டும் நான் பெயிண்டுக்கு அருகில் விடுவதில்லை. அதன் எச்சம் படிந்த இடத்தில் நாளைக்குப் பெயிண்ட் ஒட்டாமல் மீன்கண் போல வட்டக் குழிகள் விழும்.

ரப்பர் வைத்த முத்திரை

டிக்கிக் கைப்பிடியின் கதை சுருக்கமானது, தீர்வும் சுருக்கமானது, வருத்தம் மட்டும் நீளம். பெயிண்ட் அடித்த ஆறாம் நாள் கைப்பிடியைப் பூட்டினேன். தொட்டால் ஒட்டவில்லை, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழவில்லை, அதனால் காய்ந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். தடித்த பூச்சின் அடியிலிருந்து கரைப்பான் வெளியேற வாரக்கணக்கில் ஆகும். அடியில் வைத்தது சாதாரணக் கறுப்பு ரப்பர். அதற்குள் இருக்கும் எண்ணெயும், ரப்பர் முதுமையடையாமல் காக்கச் சேர்க்கும் பொருள்களும், இன்னும் இளகலாக இருந்த வெளிர்நிறப் பெயிண்டுக்குள் மெல்ல இடம்பெயர்ந்தன. வெயில் பட்டதும் அது பழுப்பானது. கைப்பிடியைச் சுற்றி 2 மி.மீ. அகலத்தில் தேநீர்க் கறை போல ஒரு வளையம்.

பாலிஷ் போட்டுப் பார்த்தேன். போகவில்லை. கறை மேலே இருந்தால்தானே போகும், அது பெயிண்டுக்குள் இருக்கிறது. டிக்கியின் கீழ்ப்பாதிக்கு மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டியதாயிற்று. இம்முறை ஆறு வாரம் காத்திருந்து, கறைபடுத்தாத வகை ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரை வெட்டி, அதற்கும் பெயிண்டுக்கும் நடுவில் நிறமற்ற மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்றையும் வைத்தேன். இரண்டில் ஒன்றே போதும் என்று பெயிண்டர் சொன்னார். சூடு கண்ட பூனை நான், இரண்டையும் வைத்தேன்.

முன்கண்ணாடி ரப்பரில் சொருகும் பளபளப்புப் பட்டை, விளக்கு வளையங்கள், சக்கர மூடிகள் எல்லாம் சோப்புத் தண்ணீரும் பொறுமையும் கொண்டு தொல்லையில்லாமல் ஏறின. எழுத்துப் பலகை ஒன்று மட்டும் போக்குக் காட்டியது. மற்றவற்றைப் போல எவர்சில்வர் என்று நினைத்து மெருகுச் சக்கரத்தில் வைத்தால் கறுத்துத் திட்டுத்திட்டாகியது. எடையைப் பார்த்தபோதுதான் அது அலுமினியம், மேலே ஆனோடைஸ் படலம் (மின்சாரம் பாய்ச்சி உண்டாக்கிய ஆக்சைடு பூச்சு) உள்ளது என்று புரிந்தது. காந்தம் இங்கே உதவாது, மோல்டிங்குக்குப் பயன்படும் எவர்சில்வர் வகை பலவும் காந்தத்தைச் சட்டை செய்வதில்லை. படலத்தைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் உரித்து, மெருகேற்றி, மறுபடி ஆனோடைஸ் செய்யக் கொடுத்தேன்.

அடுத்த வண்டியில்

இதற்குப் பிறகு எடுத்த வண்டி ஒன்றில் வேலையின் வரிசையைத் தலைகீழாக்கினேன். டிங்கரிங் முடிந்து பிரைமர் மட்டும் அடித்த நிலையில், எல்லா ரப்பர்களையும் போட்டுக் கதவுகளைப் பொருத்தி, அத்தனை அலங்காரச் சாமான்களையும் ஒரு முறை முழுக்கப் பூட்டினேன். முலாமுக்குப் போகும் முன்னால், குழியும் கொப்புளமுமாக இருந்த அதே சாமான்கள்தான். பார்க்க அலங்கோலம். வந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் எந்தத் துளை தப்பு, எந்த ஸ்டட் வளைவு, எந்தப் பட்டை இடம், எது வலம் என்பதெல்லாம் வெல்டிங் டார்ச் பக்கத்திலேயே இருக்கும்போது தெரிந்துவிட்டது. பதினொரு துளைகளை அடைத்துப் புதிதாகப் போட்டேன். கிளிப் துளைகளை வரப்போகும் பெயிண்டின் தடிமனுக்காகக் கால் மில்லிமீட்டர் அகலமாக்கி வைத்தேன். கழற்றும்போது ஒவ்வொரு சாமானும் தன் நட், வாஷர், ரப்பர் எல்லாவற்றோடும் தனிப் பையில் போனது. முலாம் பட்டறைக்குக் கொடுத்த சாமான்களின் ஸ்டட்டுகளுக்கு நானே அரக்கு பூசி, "மரையில் முலாம் வேண்டாம்" என்று ஒவ்வொன்றிலும் சீட்டுக் கட்டினேன்.

இந்த ஒத்திகைக்கு ஒன்பது நாள் பிடித்தது. கடைசிப் பூட்டல் ஒன்றரை நாளில் முடிந்தது. ஸ்பேனரைத் தொட்ட இடங்கள் மிகக் குறைவு. விரலால் அடிவரை ஓடாத நட்டை உடனே கழற்றி மரை அளவியில் வைப்பது இப்போது கை தானாகச் செய்கிற காரியமாகிவிட்டது.

பழைய காருக்குத் திரும்பினால், சின்னம் உறுதியாக நிற்கிறது, டிக்கி சுத்தம். முறிந்த ஸ்டட் அந்த 2 பி.ஏ. நட்டுக்குள் மாட்டியபடியே என் மேசைமேல் கிடக்கிறது, அதை இன்றுவரை கழற்ற முடியவில்லை. வலப்பக்க மோல்டிங்கில், முன்கதவின் பட்டையை இறக்கிய அந்த ஒரு மில்லிமீட்டர் சரிவு இன்னும் மிச்சமிருக்கிறது. மாலை வெயில் சாய்வாக விழும்போது, முழங்காலிட்டுப் பார்த்தால் தெரியும். சொந்தக்காரர் இதுவரை கவனிக்கவில்லை. இதைப் படித்தால் அடுத்த மாலையே முழங்காலிடுவார்.